கீரைக்கட்டு ஏன் கொழகொழத்துப் போகிறது?

கேள்வி: உழவர் சந்தையில் முளைக்கீரை, சிறுகீரை விற்கிறேன். விடியலில் வேரோடு பிடுங்கி, தொட்டியில் முக்கி, சாக்கில் கட்டி எடுத்து வருகிறேன். எட்டரை மணிக்கே அடிக்கட்டுகள் சூடேறிக் கொழகொழத்துவிடுகின்றன. தண்ணீர் தெளித்தும் பயனில்லை. எப்படிக் கழுவிக் கொண்டுவருவது?

பதில்: கோளாறு தொட்டியிலும் சாக்கிலும்தான். வேர்மண்ணோடு நாலு கட்டை முக்கியதுமே தொட்டித் தண்ணீர் கலங்கிவிடும். ஒரு கட்டில் சாணக் கிருமி இருந்தாலும் அடுத்து முக்கும் அத்தனை கட்டுக்கும் அது ஏறும். பறித்த பிறகும் இலை மூச்சுவிட்டுச் சூட்டை வெளியிடும். ஈரத்தோடு சாக்கில் அமுக்கினால் அந்தச் சூடு போக வழியில்லாமல் அழுகல் பாக்டீரியா பெருகிவிடும்.

முதலில் கட்டை உதறி, ஓடும் குழாய்த் தண்ணீரில் வேர்ப்பக்கம் கீழே இருக்கும்படி பிடித்து மண் போக அலசுங்கள். அதன் பிறகுதான் குளோரின் தொட்டி. இந்த வரிசை மாறக்கூடாது. மண்ணும் தழைத்துகளும் குளோரினைத் தின்றுவிடும்.

அளவு இது: குடிநீருக்கென விற்கும் பிளீச்சிங் பவுடரில் குளோரின் 25 சதவீதம் என்றால், 10 லிட்டர் நல்ல தண்ணீருக்கு 2 கிராம். லிட்டருக்கு 50 மில்லிகிராம் குளோரின் கிடைக்கும். கண்ணளவில் போடாமல் சிறு தராசில் நிறுங்கள். பிளாஸ்டிக் குவளையில் கரைத்து, சுண்ணாம்பு அடியில் படிந்ததும் தெளிவை மட்டும் தொட்டியில் ஊற்றுங்கள். இரண்டு நிமிடம் முக்கி, குடிநீரில் ஒருமுறை அலசினால் போதும். தண்ணீர் கலங்கினால் மேலும் பவுடர் சேர்க்காதீர்கள்; கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்குங்கள். எலுமிச்சை, வினிகர் எதையும் சேர்க்கவே கூடாது, நச்சு வாயு கிளம்பும். திறந்து கிடந்த பழைய பவுடரில் வீரியம் இருக்காது. சிறு பொட்டலமாக வாங்கி, காற்றுப்புகாத டப்பாவில் இருட்டில் வையுங்கள். குளோரின் எல்லாக் கிருமியையும் கொன்றுவிடாது. ஒரு கட்டிலிருந்து இன்னொன்றுக்குத் தொற்றாமல் தடுப்பதே அதன் பெரிய உதவி.

நீர் சொட்டி வடிந்ததும், ஓட்டையுள்ள பிளாஸ்டிக் கிரேட்டில் கட்டுகளை வேர் கீழாக நிறுத்தி, இடைவெளி விட்டு அடுக்குங்கள். மேலே சுத்தமான ஈரச் சணல் துணி போர்த்துங்கள். யூரியா சாக்கு எந்த வேலைக்கும் வேண்டாம்.

சந்தையில் கிரேட்டைத் தரையில் வைக்காமல் மேடையில் வையுங்கள். தெளிப்பது குடிநீராக இருக்கட்டும். வாளியில் கைவிட்டு விசிறாமல் தெளிப்பான் பாட்டிலால் துணிமேல் தெளியுங்கள். கொழகொழத்த கட்டை உடனே தனியே எடுத்துவிடுங்கள். அச்சு மை ஒட்டும் என்பதால் செய்தித்தாளில் சுற்றித் தரவேண்டாம்.

தோட்டத்தையும் பாருங்கள். கீரை ஒரு மாதத்துக்குள் அறுவடைக்கு வந்துவிடுவதால் பச்சைச் சாணக் கிருமி சாக அவகாசமே இருக்காது. நன்கு மக்கிய எருவை மட்டும் இடுங்கள். சாணமும் கோமியமும் கலந்து புளிக்கவைத்த ஜீவாமிர்தக் கரைசலை இலைமேல் தெளிக்காமல் பாசன நீரோடு வேருக்கு விடுங்கள்.