ஞானதிருஷ்டிக்கு வெளியில் ஒரு காரணம் உண்டா? – கேள்வி பதில்

கல்லூரியில் இயற்பியல் நடத்திய காலத்திலிருந்தே நான் விடாமல் தேடிப் படித்துவரும் விஷயம் இது. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கேள்வி: சிலருக்கு மட்டும் ஏதேதோ தெரிகிறதே, அதற்குக் காந்தப்புலம், ஒலி அலை போன்றவை காரணமாக இருக்குமா?

முதலில் இரண்டைப் பிரித்துக்கொள்வோம். 'யாரோ பக்கத்தில் நிற்கிறார்கள்' என்று தோன்றுவது ஒன்று. தெரிய வழியே இல்லாத தகவலைச் சரியாகச் சொல்வது இன்னொன்று. அலையும் காந்தமும் முதலாவதை உண்டாக்கக்கூடும் என்றாவது வாதிடலாம். இரண்டாவதற்கு அவை போதாது. காணாமல் போன சாவி எந்த அலமாரியில் இருக்கிறது என்று காந்தம் வந்து சொல்லாது.

ஒலி பற்றிப் பிரபலமான கதை இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில் நடந்தது. விக் டேண்டி என்ற பொறியாளர் தன் ஆய்வகத்தில் ஓர் இரவு உடம்பு சில்லிட்டுப்போய், கண்ணோரத்தில் சாம்பல் நிற உருவத்தைப் பார்த்தார். மறுநாள் வாள்சண்டைப் போட்டிக்கான வாளைப் பட்டறைப் பிடியில் இறுக்கி வைத்தபோது அது தானாக அதிர்ந்தது. புதிதாக மாட்டிய காற்றுவெளியேற்றும் விசிறி, வினாடிக்குச் சுமார் 19 அதிர்வுகள் கொண்ட, காதுக்குக் கேட்காத ஒலியை அறைக்குள் நிரப்பியிருந்தது. விசிறியை மாற்றியமைத்ததும் அந்த உணர்வு போய்விட்டது. 1998-இல் இதைக் கட்டுரையாக எழுதினார். ஆனால் பிற்பாடு லண்டனில், இத்தகைய ஒலியையும் மின்காந்தப் புலத்தையும் அறைக்குள் வேண்டுமென்றே செலுத்திப் பார்த்தபோது, அவற்றால் வித்தியாசம் எதுவும் தெரியவில்லை. 'விசித்திரமாக ஏதாவது தோன்றலாம்' என்று முன்பே சொல்லிவைத்ததே பலருக்கு வேலை செய்திருக்க வேண்டும். அதனால் டேண்டியின் விளக்கம் எனக்குப் பிடித்திருந்தாலும் முடிந்த தீர்ப்பாக அதைச் சொல்ல மாட்டேன்.

கேள்வி: கனடாவில் காந்தத் தலைக்கவசம் போட்டுக் கடவுளை உணர வைத்தார்களாமே?

மைக்கேல் பெர்சிங்கர் என்ற மூளை ஆராய்ச்சியாளர் செய்தது. அதன் புலம், குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டும் காந்தத்தைவிட ஆயிரக்கணக்கான மடங்கு பலவீனமானது. சுவீடனின் உப்சாலாவில், கவசத்தில் மின்சாரம் ஓடுகிறதா இல்லையா என்பது மாட்டுபவருக்கும் மாட்டிக்கொள்பவருக்கும் தெரியாமல் சோதித்தார்கள். அனுபவம் வந்ததற்கும் காந்தத்துக்கும் தொடர்பில்லை. எளிதில் வசப்படும் மனம் உள்ளவர்களுக்குத்தான் அதிகம் வந்தது.

கேள்வி: எங்கள் ஊரில் தேங்காயை உள்ளங்கையில் வைத்து நீரோட்டம் பார்ப்பவர் சொன்ன இடத்தில் தண்ணீர் வந்தது. அது பொய்யா?

அவர் பொய் சொல்லவில்லை. தேங்காய் எழுந்து நிற்பதை அவரே உண்மையாக உணர்கிறார். எதிர்பார்ப்பு இருந்தால் தசை நமக்குத் தெரியாமலே அசையும். ஆவி மேஜையை நகர்த்துகிறது என்று லண்டனே பேசியபோது, 1853-இல் விஞ்ஞானி மைக்கேல் ஃபாரடே மேஜைமேல் அட்டைகளை அடுக்கி, அவற்றுக்கு நடுவே உருளைகளை வைத்து, தள்ளுவது சுற்றி அமர்ந்தவர்களின் கைகள்தான் என்று காட்டினார்.

அப்புறம், அந்தப் பெரியவர் வெறுங்கண்ணால் பார்ப்பதும் கொஞ்சமல்ல. மரம், புற்று, பள்ளம், பக்கத்துக் கிணறு எல்லாம் அவர் கண்ணில் படுகின்றன. புற்றை நீருக்கான அடையாளமாக வராகமிகிரர் ஆறாம் நூற்றாண்டிலேயே பிருகத் சம்ஹிதை என்ற வடமொழி நூலில் எழுதியிருக்கிறார். தகவல் வெளியிலிருந்துதான் வருகிறது. வந்த வழிதான் அவருக்கே தெரியவில்லை.

கேள்வி: மனிதர்களிடமிருந்தும் அப்படித் தகவல் வருமா?

வரும். எனக்கு இந்த விஷயத்திலேயே மிகவும் பிடித்த ஆராய்ச்சி இதுதான். பெர்லினில் ஹான்ஸ் என்றொரு குதிரை கணக்குப் போட்டு, விடையைக் குளம்பால் தட்டியது. 1904-இல் 13 பேர் கொண்ட குழு ஆராய்ந்து மோசடி எதுவும் இல்லை என்றது. அதுவும் உண்மைதான். ஆஸ்கர் ஃபுங்ஸ்ட் என்ற இளம் ஆய்வாளர் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தார். கேட்பவருக்கே விடை தெரியாவிட்டால் குதிரைக்கும் தெரியவில்லை. கேட்பவர் கண்ணில் படாவிட்டாலும் தெரியவில்லை. சரியான எண் வந்ததும் கேட்பவரின் தலை மயிரிழை அளவு நிமிரும். குதிரை அதைப் பார்த்து நிறுத்திவிடும். ஃபுங்ஸ்ட் பிறகு தானே குதிரையின் இடத்தில் இருந்து, மற்றவர்கள் மனதில் நினைத்த எண்ணைக் கையால் தட்டிக் காட்டினார். 25 பேரில் இருவரைத் தவிர மற்றவர்கள் எல்லோரும் அப்படி அசைந்தார்கள். உண்மை தெரிந்த பிறகும் தன் தலையசைவை அவரால் முழுதாக அடக்க முடியவில்லை.

முகம் பார்த்து ஜோசியம் சொல்பவருக்கு, நீங்கள் 'ஆமாம்' என்று சொல்லாமலே பாதி தெரிந்துவிடுவது இதனால்தான்.

கேள்வி: அக்காவை நினைத்தேன், உடனே போன் வந்தது.

நினைத்தும் போன் வராத நாட்களை நாம் எண்ணி வைப்பதில்லை.

கேள்வி: புது வீட்டில் எல்லோருக்கும் காலடிச் சத்தம் கேட்கிறது, தலை வலிக்கிறது. பூஜை செய்யலாமா?

பூஜை இருக்கட்டும், முதலில் ஜன்னல்களைத் திறந்து எல்லோரும் வெளியே வாருங்கள். 1921-இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் இதே மாதிரி ஒரு குடும்பத்தின் கதை வந்தது. காலடிச் சத்தம், உருவங்கள், தலைவலி, வாடிய செடிகள். வீட்டைச் சூடாக்கும் பழுதான உலையிலிருந்து கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயு கசிந்திருந்தது. அதற்கு வாசனையே கிடையாது, ஆளைக் கொல்லும். குளியலறையில் கேஸ் கீசர் இருக்கிறதா, மூடிய அறையில் கரி மூட்டுகிறீர்களா என்று பாருங்கள். இன்றைக்கே மருத்துவரிடமும் போங்கள்.

கேள்வி: ஒருவருக்கு நிஜமாகவே சக்தி இருக்கிறதா என்று வீட்டிலேயே சோதிக்க முடியுமா?

முடியும். பத்துப் பானைகளில் ஒன்றில் மட்டும் தண்ணீர் ஊற்றி மூடச் சொல்லுங்கள். ஊற்றியவர் வீட்டைவிட்டே போய்விட வேண்டும். எந்தப் பானை என்பது அறையில் இருக்கும் யாருக்கும் தெரியக்கூடாது. எத்தனை முறை செய்வது என்பதை முன்கூட்டியே எழுதி வையுங்கள். வெறும் ஊகத்துக்கே பத்தில் ஒரு முறை சரியாக வரும். அதைவிட மிக அதிகமாக வந்தால் எனக்கு எழுதுங்கள், நானே நேரில் வந்து பார்க்கிறேன்.