மதுரையில் கட்டிய சந்தா நியூஜெர்சியில் ஓடுமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 67 வயது. தங்கையின் பிரசவத்துக்காக அடுத்த மாதம் நியூஜெர்சி போகிறார்; ஆறு மாதம் இருப்பார். திரும்பும் வழியில் ஷார்ஜாவில் தம்பி வீட்டில் பத்து நாள். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் இரண்டு சீரியல் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வரும். அதற்காகவே ஓர் ஓடிடி செயலிக்கு ஆண்டுச் சந்தா கட்டியிருக்கிறோம். அங்கே அதைத் திறந்தால் ‘உங்கள் பகுதியில் கிடைக்காது’ என்றுதான் வரும் என்கிறாள் தங்கை. மாப்பிள்ளையோ, “இலவச விபிஎன் ஒன்று போட்டுத் தருகிறேன், எல்லாம் ஓடும். யூடியூப் பிரீமியத்தைக்கூட இந்திய விலைக்கே எடுத்துவிடலாம்” என்கிறார். போடலாமா? சட்டப்படி குற்றமா? காசு கட்டியவருக்கு ஏன் இந்தத் தடை?
— மதுரை வாசகர்

பதில்: இலவச விபிஎன் (நீங்கள் இருக்கும் நாட்டை வேறாகக் காட்டும் செயலி) வேண்டாம். வங்கிச் செயலி இருக்கும் அம்மாவின் போனில் கண்டிப்பாக வேண்டாம். காரணத்தை விளக்கமாகச் சொல்கிறேன். அதற்கு முன் உங்கள் கடைசிக் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். அது விளங்கினால் மற்றவை தானே விளங்கும்.

தமிழ்ப் பட வியாபாரத்தில் ஏரியா பிரித்து விற்பது வெகுகாலப் பழக்கம். வட ஆற்காடு, தென் ஆற்காடு, செங்கல்பட்டு மூன்றும் சேர்ந்து என்.எஸ்.சி. ஏரியா. மதுரை–ராமநாதபுரம் ஒன்று, திருச்சி–தஞ்சாவூர் ஒன்று, திருநெல்வேலி–கன்னியாகுமரி ஒன்று. வெளிநாடு மொத்தத்துக்கும் எஃப்.எம்.எஸ்.; ஃபாரின், மலேசியா, சிங்கப்பூர் என்பதன் சுருக்கம். மதுரை ஏரியாவை வாங்கியவர் திண்டுக்கல்லில் படத்தை ஓட்டலாம், திருச்சியில் ஓட்ட முடியாது. அங்கே வேறொருவர் பணம் போட்டிருக்கிறார். ஓடிடி வந்த பிறகும் இந்தக் கோடு அழியவில்லை. மாவட்டக் கோடாக இருந்தது நாட்டுக் கோடாக மாறியிருக்கிறது.

ஐபிஎல் உரிமையைப் பாருங்கள். 2023 முதல் 2027 வரைக்குமான ஏலத்தில் இந்தியத் துணைக்கண்டத்துக்கான டிவி உரிமை மட்டும் 23,575 கோடி ரூபாய்க்குப் போனது, டிஜிட்டல் உரிமை 20,500 கோடிக்கு. வெளிநாடுகளைத் தனித்தனிப் பகுதிகளாக விற்றார்கள். பிரிட்டன், ஆஸ்திரேலியா, தென்னாப்பிரிக்கா பக்கம் வயாகாம்18 வாங்கியது. அமெரிக்காவையும் மேற்காசியாவையும் டைம்ஸ் இன்டர்நெட் வாங்கியது. இந்தியாவுக்கென்று வாங்கிய செயலி நியூஜெர்சியில் ஒரு மேட்சைக் காட்டினால், அந்த ஏரியாவுக்குப் பணம் கொடுத்தவர் சும்மா இருக்க மாட்டார். உங்கள் அம்மாவின் சீரியலுக்கும் இதே கதைதான். செயலி நடத்துபவருக்கு அம்மாமேல் எந்தக் கோபமும் இல்லை. அந்தத் தொடரை அமெரிக்காவில் காட்டும் உரிமை அவர் கையில் இல்லை, அல்லது அதையே வேறு பெயரில், வேறு விலையில் அங்கே விற்கிறார்.

உரிமை விற்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. படம் எடுப்பவர்களின் பிழைப்பு அதில்தான் இருக்கிறது. ஆனால் முழு ஆண்டுக்கும் பணம் கட்டிவிட்டு ஆறு மாதம் மகள் வீட்டுக்குப் போகிறவரையும், சந்தாவே கட்டாமல் சுவரேறிக் குதிக்கிறவரையும் ஒரே வாசலில் நிறுத்துவது நியாயம் இல்லை என்றே நினைக்கிறேன். வேறு வழி இல்லாமலும் இல்லை. ஐரோப்பிய யூனியனில் 2018 ஏப்ரல் 1 முதல் ஒரு சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஜெர்மனியில் காசு கட்டிச் சந்தா வைத்திருப்பவர் கொஞ்ச நாளைக்கு இத்தாலி போனால், அங்கேயும் தன் ஊர்ப் பட்டியலை அப்படியே பார்க்கலாம். அதற்காகக் கூடுதல் கட்டணம் கேட்கக் கூடாது. அவர் ரோமில் உட்கார்ந்து பார்த்தாலும், சட்டத்தின் கண்ணுக்கு வீட்டிலிருந்து பார்ப்பதாகவே கணக்கு. யூனியனைவிட்டு விலகிய பிரிட்டனின் மக்கள் 2021 ஜனவரியில் இந்த உரிமையை இழந்தார்கள். இந்தியாவிலிருந்து அமெரிக்கா போகிறவருக்கு இப்படி ஒரு பாதுகாப்பு கிடையாது. இருந்திருந்தால் நீங்கள் எனக்கு எழுதவே வேண்டியிருந்திருக்காது.

இனி விபிஎன். உங்கள் வீட்டு இணைப்புக்கு ஓர் ஐபி முகவரி, அதாவது இணையத்தில் அதை அடையாளம் காட்டும் எண், இருக்கிறது. எந்த நாட்டில், எந்த நிறுவனத்துக்கு எந்த எண்கள் ஒதுக்கப்பட்டிருக்கின்றன என்ற பட்டியலைப் பார்த்துத்தான் செயலி உங்களை அடையாளம் காண்கிறது. விபிஎன் போட்டால் உங்கள் போக்குவரத்து எல்லாம் வேறொருவரின் கணினிக்குப் போய், அங்கிருந்து அவருடைய முகவரியில் வெளியே வரும். ஆனால் அந்தக் கணினி பெரும்பாலும் ஒரு டேட்டா சென்டரில், அதாவது சர்வர் கணினிகளை அடுக்கி வைத்திருக்கும் இடத்தில், இருக்கும். வீட்டு இணைப்பின் எண் வேறு, டேட்டா சென்டரின் எண் வேறு. பட்டியலில் அதுவும் தெரியும். ஒரே முகவரியிலிருந்து நூற்றுக்கணக்கான கணக்குகள் நுழைந்தால் சந்தேகமே வேண்டாம். நெட்ஃபிளிக்ஸ் 2016 ஜனவரி 6 அன்று இந்தியா உட்பட 130 புதிய நாடுகளில் கடை திறந்தது; அடுத்த வாரமே விபிஎன், பிராக்ஸி வழியாக வருகிறவர்களைத் தடுக்கப்போவதாக அறிவித்தது. அன்றிலிருந்து இது ஓயாத துரத்தல். இன்று ஓடுகிற வழி அடுத்த வாரம் ஓடாது. பேரப்பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு ரிமோட்டோடு உட்காருகிற அம்மாவால் இதன் பின்னால் ஓட முடியாது.

இந்திய முகவரியில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விபிஎன் நிறுவனங்கள் சந்தாதாரர் விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் உத்தரவு போட்டதும் எக்ஸ்பிரஸ்விபிஎன், சர்ஃப்ஷார்க், நார்டுவிபிஎன் ஆகியவை இந்தியாவிலிருந்த தங்கள் சர்வர்களை எடுத்துவிட்டன. அதனால் செயலியில் ‘இந்தியா’ என்று தெரிகிற இடம் நிஜத்தில் சிங்கப்பூரிலோ லண்டனிலோ இருக்கலாம். நியூஜெர்சியில் பார்க்கும் சீரியல், உலகத்தைச் சுற்றிக்கொண்டு வரும். படம் நின்று நின்று ஓடினால் வீட்டு வைஃபையைக் குறை சொல்லாதீர்கள்.

இவையெல்லாம் எரிச்சலோடு போய்விடும். இலவச விபிஎன் விஷயம் அப்படி அல்ல. ஆண்ட்ராய்டு போனில் முதன்முறை விபிஎன்னை இயக்கும்போது ஒரு சின்னப் பெட்டி வரும். இந்தச் செயலி உங்கள் நெட்வொர்க் போக்குவரத்தைக் கண்காணிக்க முடியும், நம்பிக்கை இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அதில் எழுதியிருக்கும். ‘ஓகே’ தட்டினால் திரையின் மேல் ஓரத்தில் ஒரு சாவிப் படம் வந்து உட்காரும். அந்தப் பெட்டியில் உள்ள வாசகத்தை நான் பார்த்த யாருமே முழுதாகப் படித்ததில்லை. கையெழுத்துப் போடும் பத்திரம் மாதிரி நினைத்து அதைப் படிக்க வேண்டும். வங்கிச் செயலிகள் தங்கள் தகவலைத் தனியாகப் பூட்டித்தான் அனுப்புகின்றன, ஆகவே கடவுச்சொல்லை அப்படியே எடுத்துவிட முடியாது. ஆனால் எந்த வங்கி, எந்த மருத்துவமனைத் தளம், எத்தனை மணிக்கு என்ற குறிப்பு முழுதும் அந்த முகம் தெரியாதவரின் கணினி வழியாகத்தான் போகிறது. சர்வர் நடத்தச் செலவாகும். நீங்கள் காசு தரவில்லையென்றால் அந்தச் செலவை ஈடுகட்ட எதையாவது விற்றாக வேண்டும்.

இது என் கற்பனைப் பயம் இல்லை. ஹோலா என்ற இலவசச் சேவை, தன்னைப் பயன்படுத்தியவர்களின் வீட்டு இணைப்பையே மற்றவர்களுக்கு வாடகைக்கு விட்டது 2015இல் வெளியே வந்தது. உங்கள் முகவரியில் யாரோ எதையோ செய்வார்கள், தடயம் உங்கள் வீட்டு வாசலில் நிற்கும். ஃபேஸ்புக்கின் ஒனாவோ என்ற இலவச விபிஎன், பாதுகாப்பு என்று சொல்லிக்கொண்டே மக்கள் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தது. 2018இல் ஆப்பிளின் ஆப் ஸ்டோரிலிருந்து அது வெளியேறியது. இதற்காக 2023இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம், ஃபேஸ்புக்கை நடத்தும் மெட்டாவின் துணை நிறுவனங்களுக்கு 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது.

என் சொந்த அத்தைக்கு நடந்ததையும் சொல்கிறேன். மகன் வீட்டில் இருந்தபோது யாரோ பாட்டு கேட்க விபிஎன் போட்டுக்கொடுத்தார்கள். அது அணையாமலே இருந்தது. ஒரே நாளில் மூன்று நாடுகளிலிருந்து நுழைவதுபோல் தெரிந்ததால் வங்கிச் செயலி கணக்கைப் பூட்டிவிட்டது. திறக்க வேண்டுமென்றால் கிளைக்கு நேரில் வரவேண்டும் என்றார்கள். ஊர் திரும்பும்வரை நான்கு மாதம் பென்ஷன் பணத்தைப் பார்க்கக்கூட முடியாமல் தவித்தார். போனை நான் வாங்கிப் பார்த்தபோதும் அந்தச் சாவிப் படம் அப்படியே இருந்தது.

குற்றமா என்று கேட்டீர்கள். இந்தியாவிலும் அமெரிக்காவிலும் விபிஎன் வைத்திருப்பது குற்றம் இல்லை. நம் பதிப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தில் 2012இல் சேர்த்த 65ஏ பிரிவு, உரிமையை மீறும் நோக்கத்தோடு தொழில்நுட்பப் பூட்டை உடைப்பவருக்கு இரண்டாண்டு வரை சிறை என்கிறது. காசு கட்டிய சீரியலைப் பார்க்கிற அம்மாவுக்கு அந்த நோக்கம் உண்டென்று சொல்வது கடினம். நியூசிலாந்தில் 2015இல் இணைய நிறுவனங்கள் சில இந்தத் தடையைத் தாண்டும் வசதியைத் தாங்களே விற்றபோது, டிவி நிறுவனங்கள் போர் தொடுத்தது அந்த வசதியை விற்றவர்கள்மேல்தான். அடுத்த ஆண்டு ஆஸ்திரேலியாவின் உற்பத்தித்திறன் ஆணையம், பார்வையாளர் இப்படித் தடை தாண்டுவது பதிப்புரிமை மீறல் அல்ல என்று சட்டத்திலேயே தெளிவாக எழுதச் சொல்லிப் பரிந்துரைத்தது. ஆனால் சந்தா எடுக்கும்போது நாம் ‘ஒப்புக்கொள்கிறேன்’ என்று தட்டியது ஓர் ஒப்பந்தம். அதை மீறினால் கணக்கை நிறுத்த அவர்களுக்கு உரிமை உண்டு, கட்டிய பணம் போனது போனதுதான். யூடியூப் பிரீமியத்தில் மாப்பிள்ளை சொன்னதைச் செய்தவர்களில் பலரின் சந்தா 2024இல் பறிபோனது. வேறு நாட்டு முகவரியில் மலிவாக எடுத்த சந்தாக்களை யூடியூப் ரத்து செய்தது.

அப்படியானால் என்ன செய்யலாம்? முதலில், அந்தச் செயலியின் சந்தா எப்போது முடிகிறது என்று பாருங்கள். யூபிஐ ஆட்டோபேயில் இருந்தால் கிளம்பும் முன் அணைத்துவிடுங்கள். பார்க்க முடியாத ஆறு மாதத்துக்குப் பணம் தானாகப் போய்க்கொண்டிருக்க வேண்டாம். அடுத்து, அதே சேனல் அமெரிக்காவில் எந்தப் பெயரில் கிடைக்கிறது என்று தங்கையைத் தேடச் சொல்லுங்கள். பெரும்பாலான தமிழ்ச் சேனல்களுக்கு வெளிநாட்டுச் சந்தா தனியாக உண்டு. தங்கையின் கார்டில் மாதச் சந்தா எடுத்து அவர்கள் வீட்டு டிவியில் போட்டுவிட்டால் அம்மாவுக்கு அதைவிட வசதி வேறில்லை. டாலர் விலை கொஞ்சம் உறுத்தும், ஆனால் ஆறு மாதம்தானே. மளிகைக் கடைகளில் ‘எல்லாச் சேனலும் வரும்’ என்று பெட்டி விற்பார்கள். அதை மட்டும் வாங்க வேண்டாம்; அது உரிமை எதுவும் இல்லாத திருட்டு ஒளிபரப்பு.

நெட்ஃபிளிக்ஸ் இருந்தால் கவலையில்லை, இந்தியக் கணக்கே அங்கே திறக்கும், ஆனால் அமெரிக்கப் பட்டியல் வரும். இந்திய அமேசான் பிரைம் வெளிநாட்டில் குறைந்த அளவு படங்களைத்தான் காட்டும். விமானத்துக்கு வேண்டியதை இங்கேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

அவசரத்தில் பலர் செய்யும் தவறு ஒன்று: அங்கே போனதும் ப்ளே ஸ்டோரின் நாட்டை அமெரிக்காவாக மாற்றிவிடுவது. செய்யாதீர்கள். ஒருமுறை மாற்றினால் ஓராண்டு கழித்துத்தான் திரும்ப மாற்ற முடியும். இந்தியாவுக்கு மட்டுமான செயலிகளைப் புதிதாக இறக்குவது அதுவரை திண்டாட்டம்தான். போன் இந்தியப் போனாகவே இருக்கட்டும். இந்திய சிம்மை ரீசார்ஜ் செய்து உயிரோடு வைத்திருங்கள், வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும்.

இந்திய சிம்மால் இன்னொரு பயனும் உண்டு. ரோமிங்கில் டேட்டா போட்டால் அது பெரும்பாலும் முதலில் நம் நாட்டு நெட்வொர்க்குக்கு வந்து, அங்கிருந்துதான் இணையத்துக்குப் போகும். ஆகவே வைஃபையை அணைத்துவிட்டு ரோமிங்கில் திறந்தால் பல இந்தியச் செயலிகள் ஊரில் ஓடுவதுபோலவே ஓடும். இதில் எந்தத் தந்திரமும் இல்லை, ரோமிங் வேலை செய்யும் முறையே அதுதான். ஆறு மாதம் பார்க்கக் கட்டுப்படியாகாது. வார இறுதியில் ஒரு முக்கியமான எபிசோடுக்குப் போதும். பயணிகளுக்கென்று விற்கும் இ-சிம் இப்படி நடக்காது. அது உங்களை ஹாங்காங்கிலோ போலந்திலோ இருப்பதாகக் காட்டினாலும் ஆச்சரியமில்லை.

ஷார்ஜாவில் அந்தப் பத்து நாளைக்கும் இதே ரோமிங் போதும். விபிஎன் என்ற பேச்சே அங்கே வேண்டாம். விபிஎன் வைத்திருப்பதே அங்கு குற்றம் என்பதில்லை. ஆனால் குற்றம் செய்வதற்கோ மறைப்பதற்கோ ஐபி முகவரியை மாற்றினால், 2021ஆம் ஆண்டின் சைபர் குற்றச் சட்டப்படி 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை அபராதம், சிறையும் உண்டு. சீரியல் பார்ப்பது அதற்குள் வருமா வராதா என்பதை அம்மாவை வைத்துச் சோதித்துப் பார்க்க வேண்டியதில்லை. மாப்பிள்ளை ஆசையாக எதையாவது போட்டுக்கொடுத்திருந்தால், நெவார்க்கில் விமானம் ஏறும் முன் அந்தச் சாவிப் படம் திரையில் இருக்கிறதா என்று தங்கையை ஒருமுறை பார்த்து நீக்கச் சொல்லிவிடுங்கள்.