அண்ணாவின் சைக்கிளில் தொடங்குங்கள்

கேள்வி: கிளிநொச்சிப் பக்கம் முன்பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். 2009இல் இல்லாமல் போன அண்ணாவைப் பற்றி நாவல் எழுதத் தொடங்கினேன். கொப்பியைக் கண்டாலே அம்மா அழுகிறா. "எங்கட வீட்டுக் கதை ஊருக்கு எதுக்கு?" என்கிறா. எழுதுவதா, விடுவதா?

பதில்: எழுதுங்கள், தங்கச்சி. அச்சுக்குக் கொடுக்க மட்டும் அவசரப்படாதீர்கள். இரண்டும் வேறு வேறு வேலை என்பது எனக்குப் பிந்தித்தான் விளங்கியது. மாமியார் வீட்டுக் காணிச் சண்டை ஒன்றைக் கதையாக்கி, மனைவியிடம் ஒரு சொல்லும் சொல்லாமல் அனுப்பிவிட்டேன். அவள் அதை அச்சில்தான் பார்த்தாள். சண்டை பிடிக்கவில்லை. ஒரு மாதமாகத் தேத்தண்ணியை மேசையில் வைத்துவிட்டுப் பேசாமல் போனாள். கதை நல்ல கதைதான். ஆனாலும் நான் செய்தது பிழை. இப்போது வீட்டு ஆட்கள் வருகிற எதையும் அவளுக்கு வாசித்துக் காட்டாமல் வெளியே விடுவதில்லை.

நீங்கள் நேரே அந்தக் கடைசி நாளுக்குத்தான் போகப்போகிறீர்கள் என்று அம்மா பயப்படுகிறா போல. இப்போதைக்கு அங்கே போக வேண்டாம். அண்ணா சைக்கிளுக்கு எண்ணெய் விட்டது, இரணைமடு வாய்க்காலில் குளித்தது, பாலைப்பழம் தின்று உதடு ஒட்டிப்போய் நின்றது, இதையெல்லாம் பத்துப் பக்கம் எழுதி, அம்மா அரிசி புடைக்கிற நேரம் பக்கத்தில் இருந்து வாசியுங்கள். "அது அந்தச் சைக்கிள் இல்லை, மற்றது" என்று அவவே திருத்துவா.

அப்புறம், வாசிப்பை விட்டுவிடாதீர்கள். தொண்ணூறுகளில் பொருளாதாரத் தடையால் வன்னிக்கு மண்ணெண்ணெய் வருவதே அரிது. ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, சில துளி எண்ணெய் விட்டு, அந்த வெளிச்சத்தில்தான் அ. பாலமனோகரனின் 'நிலக்கிளி'யை வாசித்தேன். 1973இல் வந்த நாவல். தண்ணிமுறிப்புக் காட்டோரத்து மனிதர்களின் கதை. எங்கள் காடும் குளமும் ஒரு புத்தகத்துக்குள் வரும் என்று அதுவரை நான் நினைத்ததே இல்லை. ஈழத்துப் புத்தகங்கள் பல 'நூலகம்' இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. போனிலேயே வாசிக்கலாம்.

ஒன்று மறந்துவிட்டேன். அன்றன்று எழுதியதைப் படம் எடுத்து வையுங்கள். என் கொப்பிகள் இரண்டும் 2009இல் இடம்பெயர்ந்த வழியிலேயே போய்விட்டன. அவற்றை இன்னும் கனவில் தேடுகிறேன்.

அந்தப் பத்துப் பக்கத்தையும் அம்மா கேட்டு முடித்த பிறகு எனக்கு அனுப்புங்கள். அவ திருத்தின இடங்களுக்குக் கீழே கோடு போட்டு அனுப்பினால் இன்னும் சந்தோஷம்.