சென்னை மேயர் பிரியா ராஜனின் பின்னணி என்ன? அவர் எப்படி மேயர் ஆனார்?

பிரியா வடசென்னைக்காரர். திரு.வி.க. நகர் பகுதியில் உள்ள 74-வது வார்டில் தி.மு.க. சார்பில் நின்று 2022 பிப்ரவரியில் கவுன்சிலர் ஆனார். எம்.காம். படித்தவர். குடும்பமே கட்சிக் குடும்பம்தான். முன்னாள் எம்.எல்.ஏ. செங்கை சிவம் அவருடைய உறவினர்.

மேயர் பதவிக்கு மக்கள் நேரடியாக ஓட்டுப் போடவில்லை. 2022-ல் கவுன்சிலர்கள் சேர்ந்துதான் மேயரைத் தேர்ந்தெடுத்தார்கள். மொத்தம் 200 வார்டுகளில் தி.மு.க. மட்டுமே 153-ஐப் பிடித்திருந்தது. அதனால் கட்சி யாரை நிறுத்துகிறதோ அவர்தான் மேயர் என்ற நிலை. சென்னை மேயர் பதவி அந்த முறை பட்டியல் சாதிப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. மார்ச் 4-ம் தேதி பிரியா பதவியேற்றபோது வயது 28.

ஒதுக்கீட்டால்தானே வந்தார் என்று சிலர் சட்டென்று சொல்லிவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. இந்த மாநகராட்சி தொடங்கியது 1688-ல். அதன் தலைமையில் ஒரு தலித் பெண் உட்கார 2022 வரை ஆகியிருக்கிறது. 1937-லேயே தலித் சமூகத்தைச் சேர்ந்த சிவசண்முகம் பிள்ளை மேயராக இருந்த ஊர் இது. தாரா செரியன், காமாட்சி ஜெயராமன் என இரண்டு பெண் மேயர்களையும் பார்த்த ஊர். அப்படியும் இவ்வளவு காலம்! கதவு தானாகத் திறக்காத இடத்தில் ஒதுக்கீடுதான் திறந்தது.

அப்புறம், வடசென்னை. குடிநீர், மழைநீர் வடிகால், குப்பை என்று நகரத்தின் பாரத்தை அதிகம் சுமக்கிற பகுதி. அங்கே வளர்ந்த ஒருவருக்கு இதெல்லாம் கோப்பில் படித்துத் தெரிய வேண்டிய விஷயம் இல்லை.