சிரிக்க வைக்கும் பாடலுக்கு ஏன் இவ்வளவு கனமான ஒலி?

மனதை லேசாக்கும் பிரிட்டிஷ் ராப் பாடல் ஒன்றைச் சொல்லி, அதன் ஒலியையும் உணர்வையும் விளக்குமாறு கேட்டிருக்கிறீர்கள். லண்டன் ராப் பாடகர் ரூட்ஸ் மனுவா 2001ஆம் ஆண்டு ‘ரன் கம் சேவ் மீ’ என்ற ஆல்பத்தில் வெளியிட்ட ‘விட்னஸ் (1 ஹோப்)’ பாடலையே நான் சொல்வேன். அதைக் கேட்கும்போது வரும் சிரிப்புக்குக் காரணம் அதன் கனம்தான் என்பது என் கருத்து.

பாடலைத் தாங்கி நிற்பது சிந்தசைசர் என்ற மின்னணு இசைக்கருவியில் எழுப்பப்பட்ட ஒரு பேஸ் ஒலி, அதாவது மிகத் தாழ்ந்த சுரங்களின் ஒலி. சில சுரங்களே திரும்பத் திரும்ப வரும் அந்தக் கரகரத்த உறுமல், பெரிய ஒலிபெருக்கியில் கேட்டால் காதை எட்டுவதற்கு முன்பே நெஞ்சில் அதிர்கிறது. 1963 முதல் பிரிட்டிஷ் வீடுகளில் ஒலித்துவந்த ‘டாக்டர் ஹூ’ தொலைக்காட்சித் தொடரின் முகப்பு இசையைப் போலச் செய்யப் பார்த்ததில் பிறந்தது அது. ஜமைக்காவிலிருந்து குடியேறியவர்கள் லண்டனுக்குக் கொண்டுவந்த சவுண்ட் சிஸ்டம் மரபும் (பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி இசைத்தட்டு போட்டு ஆடும் விருந்துகள்), ரெகேயிலிருந்து பிறந்த, பேஸை முன்னிறுத்தும் டப் இசையின் ஆழமும் அதில் கலந்திருக்கின்றன. ரூட்ஸ் மனுவாவும் ஜமைக்கப் பெற்றோருக்குப் பிறந்து தெற்கு லண்டனின் ஸ்டாக்வெல் பகுதியில் வளர்ந்தவர். தந்தை பெந்தெகொஸ்தே போதகர். மகனுடைய தாழ்ந்த, அவசரமில்லாத குரலில் பிரசங்க மேடையின் கம்பீரம் எனக்குக் கேட்கிறது.

அப்படிப்பட்ட குரலும் இசையும் சேர்ந்து எதைச் சொல்கின்றன என்று பாருங்கள். ஒரு வரியில் அவர் சீஸ் டோஸ்ட்டோடு உட்கார்ந்திருக்கிறார். அடுத்த வரியில் ஏழை நாடுகளின் பஞ்சத்தை நினைத்து வேதனைப்படுகிறார். உடனே, நமக்குக் கிடைத்ததை நல்லதென்று எண்ணிக்கொண்டு இசையைத் தொடர்வோம் என்கிறார். மூன்றையும் ஒரே தொனியில், குரலை ஏற்றாமல் இறக்காமல் சொல்லிப் போவதால், நமக்குச் சிரிப்பும் வருகிறது, அவர் மீது பிரியமும் வருகிறது. இன்னோரிடத்தில் பத்து பைன்ட் ‘பிட்டர்’, அதாவது பத்துப் பெரிய கோப்பை கசப்பான ஆங்கிலேய பீர், வந்து போகிறது. அமெரிக்க ராப்பில் காரும் நகையும் நிற்கும் இடத்தில், இங்கே பக்கத்துத் தெருவின் சமையலறையும் மதுக்கடையும் நிற்கின்றன. அவற்றைப் பாடுவதில் அவருக்குத் துளிக்கூடக் கூச்சமில்லை.

வீடியோவிலும் இதே மனநிலைதான். தாம் படித்த தொடக்கப் பள்ளியின் விளையாட்டு விழாவுக்குத் திரும்பி வரும் ரூட்ஸ் மனுவா, சின்னப் பிள்ளைகளோடு ஓட்டப்பந்தயத்தில் இறங்கி, எப்படியாவது ஜெயித்தே தீருவது என்று மெய்யான வெறியோடு போட்டியிடுகிறார். முகத்தில் இருக்கும் அந்தத் தீவிரத்தை நான் எத்தனை முறை பார்த்தாலும் ரசிக்கிறேன்.

கேட்கப் போகிறீர்கள் என்றால் நல்ல ஹெட்ஃபோனிலோ பெரிய ஸ்பீக்கரிலோ கேளுங்கள். கைபேசியின் சிறிய ஸ்பீக்கரில் அந்த பேஸ் ஏறக்குறைய முழுவதுமே காணாமல் போய்விடும்.