இன்ஸ்டால் ஆனது, ஆனால் திறக்கவில்லை

அன்புள்ள ஆசிரியருக்கு,

டெஸ்க்டாப் சப்போர்ட்டில் இருந்த என்னைப் பேக்கேஜிங் குழுவுக்கு, அதாவது ஊழியர்களின் கணினிகளில் சாஃப்ட்வேர் தானாக இன்ஸ்டால் ஆகும்படி தயார் செய்யும் குழுவுக்கு, மாற்றியிருக்கிறார்கள். முதல் வேலையாகக் கணக்குப் பிரிவுக்கு ஒரு அப்ளிகேஷனைப் பேக்கேஜ் செய்து இன்ட்யூன் (நிறுவனத்தின் கணினிகளுக்கு சாஃப்ட்வேர் அனுப்பும் மைக்ரோசாஃப்ட் சேவை) வழியாக அனுப்பினேன். என் மெஷினில் நன்றாக ஓடியது. ரிப்போர்ட்டிலும் எல்லாம் ‘இன்ஸ்டால்டு’. ஆனால் திறந்தால் சர்வர் முகவரி கேட்கிறது, செட்டிங்ஸ் எதுவும் இல்லை என்கிறார்கள். சிலருக்கு அப்ளிகேஷனே வரவில்லை. மேலாளரோ “நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஃபினிஷ் தானே, இதற்கு எதற்கு இத்தனை நாள்?” என்கிறார். எங்கே தவறு?

ம.

அன்புள்ள ம.,

நெக்ஸ்ட் அழுத்த ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் உங்கள் மேலாளர் சொல்வது சரிதான். உங்கள் பேக்கேஜ் ஓடும்போது அங்கே யாரும் இல்லை, பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

நீங்கள் சோதித்தது உங்கள் அக்கவுன்டில். இன்ட்யூன் ஓட்டியது அநேகமாக சிஸ்டம் அக்கவுன்டில், அதாவது விண்டோஸ் தன் உள்வேலைகளுக்கு வைத்திருக்கும் அக்கவுன்டில். சிஸ்டத்துக்கும் தனியாக ஒரு ப்ரொஃபைல் உண்டு, விண்டோஸ் ஃபோல்டரில் சிஸ்டம்32-க்குள் கான்ஃபிக், அதற்குள் சிஸ்டம்ப்ரொஃபைல் என்று போனால் பார்க்கலாம். இன்ஸ்டாலர் “இப்போதைய பயனர்” என்று நினைத்து எழுதிய சர்வர் முகவரி அங்கேயோ, ரெஜிஸ்ட்ரியில் (விண்டோஸ் செட்டிங்ஸைச் சேமிக்கும் இடம்) சிஸ்டத்தின் பகுதியிலோ போய் உட்கார்ந்திருக்கும். பயனர் லாகின் செய்தால் அவர் பக்கம் காலி. நெட்வொர்க் டிரைவும் இப்படித்தான், உங்களுக்குத் தெரிகிற டிரைவ் எழுத்து சிஸ்டத்துக்குத் தெரியாது. இன்ஸ்டாலர் நடுவில் ஒரு கேள்வி கேட்டு விண்டோ திறந்தால் அது யார் திரையிலும் வராது, நேரம் முடியும் வரை அப்படியே காத்திருக்கும். இன்ட்யூனில் அந்த நேரம் மாற்றாவிட்டால் 60 நிமிடம்.

ஆகவே முதல் வேலை: மைக்ரோசாஃப்டின் சிசின்டர்னல்ஸ் கருவித் தொகுப்பில் உள்ள பிஎஸ்எக்ஸெக்கை வைத்து சிஸ்டம் அக்கவுன்டில் ஒரு கமாண்ட் விண்டோ திறந்து, சுத்தமான விர்ச்சுவல் மெஷினில் (கணினிக்குள் சாஃப்ட்வேராக ஓடும் இன்னொரு கணினி), அதிலிருந்து உங்கள் கமாண்டை ஓட்டிப் பாருங்கள். உங்கள் மெஷினில் வேண்டாம், அதில் ஏற்கெனவே எல்லா ரன்டைமும் (அப்ளிகேஷன் ஓடத் தேவையான துணை சாஃப்ட்வேர்) இருக்கும், எது குறைகிறது என்றே தெரியாது. பயனர் செட்டிங்ஸை, அப்ளிகேஷன் அனுமதித்தால், மெஷின் அளவில் எழுதுங்கள். முடியாவிட்டால் விண்டோஸின் ஆக்டிவ் செட்டப் இருக்கிறது, ஒவ்வொரு பயனரும் முதல்முறை லாகின் செய்யும்போது ஒரு கமாண்டை ஓட்டும்.

அப்புறம் அந்த ரிப்போர்ட். அது உங்கள் டிடெக்ஷன் ரூல் (அப்ளிகேஷன் ஏற்கெனவே இருக்கிறதா என்று பார்க்க நீங்கள் கொடுத்த விதி) கேட்ட கேள்விக்கான பதில், அவ்வளவுதான். ஃபோல்டர் இருக்கிறதா என்று மட்டும் கேட்டிருந்தால், பழைய பதிப்பை நீக்கியபோது விட்டுப்போன காலி ஃபோல்டருக்கும் ‘ஆம்’ வரும், புதிய பதிப்பை இன்ஸ்டால் செய்யவே முயலாது. “அப்ளிகேஷனே வரவில்லை” என்பவர்களின் மெஷினில் முதலில் இதைப் பாருங்கள். எக்ஸ்இ ஃபைலின் வெர்ஷனையோ எம்எஸ்ஐயின் (விண்டோஸ் இன்ஸ்டாலர் பேக்கேஜ்) ப்ராடக்ட் கோடையோ கேட்பது நல்லது. இதற்கு பவர்ஷெல் ஸ்கிரிப்ட் எழுதினால், இன்ஸ்டால் ஆனவற்றைப் பட்டியலிடும் வின்32 ப்ராடக்ட் கிளாஸை மட்டும் தொடாதீர்கள், அந்த வினவல் மெஷினில் உள்ள ஒவ்வொரு எம்எஸ்ஐயையும் சரிபார்க்கக் கிளம்பும், சில சமயம் ரிப்பேரும் செய்யும். இன்ஸ்டாலர் முடியும்போது தரும் எக்ஸிட் கோடுகளில் மூன்றைப் பழகிக்கொள்ளுங்கள்: 3010 வந்தால் வேலை முடிந்தது, ரீஸ்டார்ட் பாக்கி. 1618 என்றால் வேறொரு இன்ஸ்டால் ஓடிக்கொண்டிருக்கிறது, மறுபடி முயலலாம். 1603 பொதுவான தோல்வி, வெர்போஸ் லாக் (விரிவான பதிவு) எடுத்து ‘ரிட்டர்ன் வேல்யூ 3’ என்று தேடி அதற்குச் சற்று மேலே படியுங்கள்.

பழைய பதிப்பின் மேல் புதியதை ஏற்றிப் பார்ப்பதை யாரும் விரும்பிச் செய்வதில்லை, ஆனால் நிறுவனத்தில் பெரும்பாலான மெஷின்களின் நிலை அதுதான். விண்டோஸ் இன்ஸ்டாலர் பதிப்பு எண்ணின் முதல் மூன்று பகுதிகளை மட்டுமே ஒப்பிடும். 5.2.1.100-ம் 5.2.1.200-ம் அதற்கு ஒன்றேதான்.

எல்லாம் சரியான பிறகும் ஒரே நாளில் எல்லோருக்கும் அனுப்பாதீர்கள். 2024 ஜூலை 19 அன்று பாதுகாப்பு சாஃப்ட்வேர் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் ஒரு அப்டேட் ஃபைல் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்களை முடக்கியது. அந்த வகை ஃபைல் படிப்படியாக அனுப்பப்படாமல் ஒரேயடியாகப் போனது, பல இடங்களில் ஆட்கள் ஒவ்வொரு மெஷினாகப் போய் கையால் ஃபைலை நீக்க வேண்டியிருந்தது. முதலில் ஐடி குழு, பிறகு ஒவ்வொரு பிரிவிலும் ஓரிருவர், பிறகு மற்றவர்கள். கணக்குப் பிரிவு என்கிறீர்கள், அவர்களுடைய மாதக் கடைசி வேலை முடியும் வரை காத்திருங்கள், அந்த வாரம் அவர்களுக்கு ஒரு மணி நேரம் நின்றாலும் பெரிய இழப்பு.

மேலாளரிடம் மூன்று சோதனைகளை, அதாவது சிஸ்டம் அக்கவுன்டில் ஓட்டுவது, பழைய பதிப்பின் மேல் ஏற்றுவது, அன்இன்ஸ்டால் செய்து பார்ப்பது ஆகியவற்றை, டிக்கெட்டிலேயே எழுதி, எதற்கு எவ்வளவு நேரம் என்று காட்டுங்கள். கூடவே ஒன்று கேளுங்கள்: அடுத்த சாஃப்ட்வேரை வாங்குவதற்கு முன் உங்களைக் கூப்பிட வேண்டும். சைலன்ட் இன்ஸ்டால் (கேள்வி கேட்காமல் தானாக இன்ஸ்டால் ஆவது) உண்டா, செட்டிங்ஸை எங்கே வைக்கிறது, சுத்தமாக நீக்க முடியுமா என்பதையெல்லாம் பணம் கொடுப்பதற்கு முன் கேட்டால்தான் விற்பவர் உட்கார்ந்து பதில் சொல்வார்.