பாதியில் நின்ற கார் ஷட்டர்: ஜாக்கியை எடுப்பதற்கு முன்

கேள்வி: கொட்டிவாக்கத்தில், கடற்கரைக்கு நடந்தே போகும் தொலைவில் எங்கள் வீடு இருக்கிறது. கார் நிறுத்தும் இடத்துக்குக் கையால் ஏற்றி இறக்கும் இரும்பு ரோலிங் ஷட்டர் போட்டிருக்கிறோம். அகலம் 10 அடி, உயரம் 8 அடி. போன வார மழைக்குப் பிறகு அது தரையிலிருந்து சுமார் 2 அடி உயரத்தில் நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. இடப்பக்கம் சற்று ஏறியும் வலப்பக்கம் தாழ்ந்தும் நிற்கிறது. கார் உள்ளே மாட்டிக்கொண்டது. வலப்பக்கத்தில் கார் ஜாக்கியைக் கொடுத்து ஏற்றிவிடலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். வந்து பார்த்த ஒரு மெக்கானிக் முழு ஷட்டரையும் மாற்ற வேண்டும் என்கிறார். நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்: ஜாக்கியைத் தயவுசெய்து பயன்படுத்தாதீர்கள். காரையே தூக்கும் விசையை 1 மி.மீ. சொச்சம் கனமுள்ள தகட்டின் ஒரு முனையில் கொடுத்தால், தகடு மடங்கி, அது ஏறி இறங்கும் பக்கவாட்டுத் தடமான சேனலை விட்டு வெளியே வந்துவிடும். அதன் பிறகு ஷட்டரைப் பிடித்து நிறுத்த எதுவும் இருக்காது. 1.2 மி.மீ. இரும்புத் தகடு சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 9.4 கிலோ எடை இருக்கும். உங்கள் வாசலின் பரப்பு ஏறத்தாழ 7.4 சதுர மீட்டர் என்பதால், வெறும் தகடாகக் கணக்கிட்டாலே எடை 70 கிலோவை எட்டுகிறது. ஷட்டரின் குறுக்குப் பட்டைகள் ஒன்றுக்குள் ஒன்று வளைந்து கோத்திருப்பதாலும் அடியில் கனமான சட்டம் இருப்பதாலும் உண்மையான எடை இன்னும் கூடும். தினமும் தூக்கும்போது இந்த எடை உங்கள் கைக்குத் தெரியாததற்குக் காரணம், மேலே உள்ள பைப்பைச் சுற்றியிருக்கும் ஸ்பிரிங்குகள் அதைத் தாங்கிக்கொள்வதுதான்.

கோளாறு எங்கே இருக்கிறது என்பதை, ஷட்டர் எந்தத் திசையில் போக மறுக்கிறது என்பதை வைத்தே பெரும்பாலும் சொல்லிவிடலாம். கீழே சுலபமாக இறங்கி, மேலே ஏற்றும்போது மட்டும் கனத்து, கையை விட்டதும் தானே இறங்கினால், ஸ்பிரிங் உடைந்திருக்கிறது அல்லது தளர்ந்திருக்கிறது. கீழே இழுக்க இழுக்க மேலே ஓடினால், ஸ்பிரிங்கை அளவுக்கு மேல் முறுக்கி வைத்திருக்கிறார்கள். உங்களுடையதைப் போல மேலேயும் கீழேயும் அசையாமல் நின்றால், எடை பிரச்சினை அல்ல, ஏதோ ஒன்று வழியை அடைக்கிறது. ஒரு பக்கம் ஏறியும் மறுபக்கம் தாழ்ந்தும் இருப்பதைச் சேர்த்துப் பார்த்தால், தாழ்ந்து நிற்கும் வலப்பக்கச் சேனலில்தான் பிடிப்பு இருக்க வேண்டும் என்றும், அது பிடித்துக்கொண்டிருக்கும்போதே யாரோ இடப்பக்கத்தை வேகமாகத் தூக்கியிருக்கிறார்கள் என்றும் நினைக்கிறேன்.

வேலையைத் தொடங்கும் முன் அடிச்சட்டத்தின் இரு முனைகளுக்கும் கீழே செங்கல் அடுக்கோ கனமான மரக்கட்டையோ முட்டுக் கொடுங்கள். அதைச் செய்து முடிக்கும் வரை குழந்தைகளோ வேறு யாருமோ அதன் கீழ் நுழைந்து போகக் கூடாது. பிறகு உள்பக்கத்துத் தாழ்ப்பாள்கள் இரண்டையும் பாருங்கள். ஒரு பக்கத் தாழ்ப்பாளின் நாக்கு பாதி நீண்டு சேனலில் உரசிக்கொண்டிருப்பது அடிக்கடி நடக்கும் விஷயம். நாக்கை உள்ளே தள்ளியதும் ஷட்டர் விடுபட்டால் வேலை அங்கேயே முடிந்துவிடும்.

தாழ்ப்பாள் சரியாக இருந்தால், டார்ச் அடித்து வலப்பக்கச் சேனலை மேலிருந்து கீழ் வரை பாருங்கள். மூன்று காரணங்களில் ஒன்று தென்படும். கார் இடித்துச் சேனலின் உதடு, அதாவது விளிம்பு, உள்நோக்கி நசுங்கியிருக்கலாம். மண்ணும் துருவும் சேர்ந்து கட்டியாகி இருக்கலாம். அல்லது, பட்டைகளின் முனையில் இருக்கும் சிறு பூட்டுத் தகடு விழுந்து, ஒரு பட்டை பக்கவாட்டில் நழுவி, சேனலின் உட்சுவரில் முட்டிக்கொண்டிருக்கலாம். மூன்றாவது காரணத்தைக் கண்டுபிடிப்பது எளிது: நழுவிய பட்டையின் இடமுனை மட்டும் மற்றவற்றைவிட உள்ளடங்கி, சேனலுக்குள் ஆழமில்லாமல் தெரியும். அந்தப் பட்டையின் வலமுனைக்கு மரத்துண்டை அண்டக் கொடுத்து, ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டினால் அது பழைய இடத்துக்கு நகரும். இரும்புச் சுத்தியலால் நேரடியாக அடித்தால் முனை விரிந்து, மறுபடி சேனலுக்குள் போகாது. நசுங்கிய உதட்டை, தட்டையான கனத்த இரும்புப் பட்டையை உள்ளே கொடுத்து நெம்பி, சிறிது சிறிதாக விரிக்கலாம்.

கடலோர வீடுகளில் துருதான் முதல் எதிரி. இரும்பு துருப்பிடிக்கும்போது அதன் கன அளவு பல மடங்கு பெருகுவதால், சேனலுக்கும் பட்டைக்கும் நடுவில் இருந்த சிறு இடைவெளி அடைபட்டுவிடுகிறது. உப்புக் காற்று அதை விரைவுபடுத்துகிறது. மழைநீர் தேங்கி நிற்கும் கீழ் ஓரடியில் அது மிகவும் மோசமாக இருக்கும். சென்னையின் பல தெருக்களில் சாலையின் மேலேயே சாலை போட்டுப் போட்டு வீட்டு வாசல் பள்ளமாகிவிட்டதால், முன்பு நீர் நிற்காத இடங்களிலும் இப்போது நிற்கிறது. ஷட்டர்கள் கெடுவதற்கு இது பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து. சேனலைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, மண்ணைச் சுரண்டி எடுத்து, டபிள்யூ.டி. 40 போன்ற ஊடுருவும் எண்ணெயை இரு சேனல்களிலும் தெளித்து, ஓர் இரவு முழுவதும் விட்டுவிடுங்கள். பழைய என்ஜின் ஆயில் ஊற்றும் வழக்கம் இங்கே நிறைய உண்டு. கிரீஸ் அப்புபவர்களும் இருக்கிறார்கள். இரண்டுமே கடற்கரை மணலைப் பிடித்து உப்புத்தாள் போலாகிச் சேனலையே அரித்துவிடும். மறுநாள் எண்ணெயைத் துணியால் துடைத்துவிட்டு, சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். அது கிடைக்காவிட்டால் மெழுகுவர்த்தியைத் தேய்த்தாலும் போதும்.

அடுத்ததாகச் சாய்வைச் சரிசெய்ய வேண்டும். இரு முனைகளிலும் அடிச்சட்டம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். தாழ்ந்த பக்கத்தைத் தூக்கத்தான் எல்லோரும் முனைவார்கள். ஏறிய பக்கத்தை இறக்குவதுதான் சரியான முறை, ஏனென்றால் பிடிப்பு இருக்கும் பக்கத்தில் மேலும் விசை கொடுத்தால் பட்டை இன்னும் இறுகும். முனைக்கு ஒருவராக நின்று, இடப்பக்க முட்டின் உயரத்தைச் சிறிது குறைத்து, அந்தப் பக்கத்தை அங்குலம் அங்குலமாக அழுத்துங்கள். இரு அளவுகளும் சமமானதும் முட்டுகளை எடுத்துவிட்டு, இருவரும் ஒரே நேரத்தில் ஒரு அடி ஏற்றி, ஒரு அடி இறக்கிப் பாருங்கள். இருவரும் சேர்ந்து சாதாரண பலத்தில் தூக்கியும் அசையாவிட்டால் அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அப்படி நின்றுவிட்டால், தடை மேலே, ஷட்டர் பைப்பைச் சுற்றிக்கொள்ளும் சுருளில் இருக்கலாம். சுருளை மூடியிருக்கும் தகட்டுக்குள் அணிலும் மைனாவும் கூடு கட்டுவது இந்த ஊரில் சாதாரணம். நார், கயிறு, பிளாஸ்டிக் துண்டு என அவை கொண்டுவந்து சேர்ப்பது பட்டைகளுக்கு நடுவே சுற்றிக்கொள்ளும். ஏணியில் நின்று டார்ச் அடித்துப் பார்ப்பது வரை நீங்கள் செய்யலாம். பைப்பைத் தாங்கும் பிராக்கெட்டின் போல்ட்டையும் பைப்பின் முனையில் உள்ள கிளாம்பையும் மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தளர்த்தாதீர்கள். ஷட்டர் இறங்க இறங்க ஸ்பிரிங் முறுக்கேறும். 2 அடி உயரத்தில் நிற்கும் உங்கள் ஷட்டரில் அது ஏறக்குறைய முழு முறுக்கில் இருக்கிறது. இந்த நிலையில் போல்ட்டைக் கழற்றினால் பைப் சுழன்று, பிடித்திருக்கும் கையை உடைத்துவிடும். விவரம் தெரிந்த மெக்கானிக் முடிந்தவரை ஷட்டரை முழுவதும் மேலே ஏற்றி, சுருளைக் கயிற்றாலோ சங்கிலியாலோ கட்டி, பைப் ரெஞ்சால் பிடித்துக்கொண்டுதான் முறுக்கை விடுவிப்பார். நின்ற நிலையிலேயே போல்ட்டில் ஸ்பேனரை வைப்பவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

ஸ்பிரிங்கை மாற்ற நேர்ந்தால் உடைந்த ஒன்றை மட்டும் மாற்றாதீர்கள். 10 அடிப் பைப்பில் பல ஸ்பிரிங்குகள் வரிசையாக இருக்கும். ஒன்று புதியதும் மற்றவை தளர்ந்தவையுமாக இருந்தால், ஷட்டர் மறுபடி ஒரு பக்கமாகச் சாயும். ஸ்பிரிங் கம்பிக்கான இந்தியத் தரநிலையான ஐ.எஸ். 4454 தரத்துக் கம்பியில் செய்த ஸ்பிரிங்தானா என்று கேட்டு வாங்குங்கள்.

முழு ஷட்டரையும் மாற்ற வேண்டுமா என்பதை ஒரு ஸ்க்ரூடிரைவரால் நீங்களே தீர்மானிக்கலாம். கீழிருந்து நான்கைந்து பட்டைகளை அதன் முனையால் அழுத்திப் பாருங்கள். துரு உதிர்ந்து கீழே திடமான இரும்பு தட்டுப்பட்டால், சுத்தம் செய்து துத்தநாகப் பிரைமர் அடித்து, மேலே பெயின்ட் பூசினால் போதும். கீழே உள்ள சில பட்டைகள் மட்டும் ஓட்டை விழுந்திருந்தால் அவற்றை மட்டும் மாற்றலாம். இடுப்பு உயரத்துக்கு மேலேயும் ஓட்டை விழுந்திருந்தால்தான் உங்கள் மெக்கானிக் சொன்னது நியாயம். அப்போது துத்தநாகம் பூசிய தகட்டில் புது ஷட்டர் போடுங்கள்.

வேறு சில வாசகர்கள் சித்திரை, வைகாசி நண்பகலில் மட்டும் ஷட்டர் இறுகுவதாகக் கேட்டிருக்கிறார்கள். 3 மீட்டர் நீளமுள்ள இரும்புப் பட்டை 30 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 1 மி.மீ. நீளும். பக்கவாட்டில் இடைவெளி விடாமல் பொருத்தியிருந்தால் இறுகத்தான் செய்யும். அதற்கு எண்ணெய் உதவாது. சேனலைச் சற்று விலக்கிப் பொருத்த வேண்டும்.

இந்தச் சிரமத்தைக் கண்டு உடனே மோட்டார் பொருத்திவிடாதீர்கள். கையால் லேசாக ஓடாத ஷட்டரில் மோட்டார் வைத்தால், அது பட்டைகளை வளைத்துக்கொண்டே இழுக்கும், அல்லது சூடேறி நின்றுவிடும். பிறகு எப்போதாவது பொருத்தினால், இரும்பு ஷட்டர் முழுவதற்கும் எர்த் இணைப்பும், அந்த மின்வழிக்கு, மின்கசிவு ஏற்பட்டால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி.யும் இருக்க வேண்டும். மழைக்காலத்தில் ஈரக்கையால் தொடும் இரும்பு அது.

சேனலின் அடியில் நீர் வெளியேற ஒரு சிறு துளை இருக்கிறதா என்று இப்போதே பார்த்து, இல்லாவிட்டால் போடச் சொல்லுங்கள். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசிக்கு முன் ஒரு முறை, மழை ஓய்ந்த பிறகு தை மாதத்தில் ஒரு முறை எனச் சேனலைச் சுத்தம் செய்து சிலிக்கான் ஸ்பிரே அடியுங்கள். ஷட்டரை ஏற்றும்போதும் இறக்கும்போதும் ஒரு முனையைப் பிடிக்காமல், நடுவில் உள்ள கைப்பிடியையோ கொக்கிக் கம்பியையோ பயன்படுத்தும்படி வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவையுங்கள்.